இருபது டாலர் கேஷ் அவுட்

பள்ளிக்கூடத்தில் ஒத்துழையாமை இயக்கம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். பின்னாளில் அதைப் பதினேழு வருடம் வீட்டுக்குள்ளேயே நடத்தப்போகிறேன் என்று அப்போது தெரியாது. அந்தப் பதினேழு வருடம் முடிந்தபிறகு, ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில், நானும் என் கணவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பெயர் கொலாபரேட்டிவ் டைவர்ஸ். தமிழில் சொன்னால் ஒத்துழைப்பு விவாகரத்து. சேர்ந்திருந்தபோது வராத ஒத்துழைப்பு பிரியும்போது வந்துவிட்டது. லேட்டாகவாவது வந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஏற்பாடு இதுதான். ஆளுக்கு ஒரு வக்கீல். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பணக் கணக்கு பார்க்கும் ஒரு அம்மா. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கோர்ட்டுக்குப் போகாமல், வீட்டையும் சேமிப்பையும் கடனையும் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினால் இரண்டு வக்கீல்களும் விலகிவிடுவார்கள். புதிதாக வக்கீல் பிடித்து, புதிதாகப் பணம் கட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதாவது கோபப்பட்டால் அபராதம். இதே விதி கல்யாணத்துக்கும் இருந்திருந்தால் நான் முதல் வருடமே திவாலாகியிருப்பேன்.

ஏன் பிரிந்தோம் என்று கேட்டவர்களை ஏமாற்றத்தோடுதான் திருப்பி அனுப்பினேன். இன்னொரு பெண் இல்லை. குடி இல்லை. அடிதடி இல்லை. கோயிலில் ஒரு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட மட்டும் சொல்லும்மா" என்றார். "அவரு பேச மாட்டாருக்கா" என்றேன். "அதெல்லாம் ஒரு குறையா? எங்க வீட்டுல அவரு வாயை மூடினா நான் தேங்காய் உடைப்பேன்" என்றார். அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. என் கணவர் பேசாதது அமைதியால் அல்ல. எதைக் கேட்டாலும் மூன்று விநாடி இடைவெளி, பிறகு "சரி" அல்லது "பார்க்கலாம்." பதினேழு வருடத்தில் அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு வீடு வாங்கினோம், ஒரு பெண்ணை வளர்த்தோம், இரண்டு கார் மாற்றினோம். கடைசியில் "பிரிஞ்சிடலாமா?" என்று கேட்டேன். மூன்று விநாடி. "சரி" என்றார். நகர மையத்தில் மாணவர்கள் தங்கும் ஒரு கட்டடத்தில் சின்ன அறை பிடித்துக்கொண்டு போனார். நாற்பத்தெட்டு வயதில், லிஃப்டில் நூடுல்ஸ் டப்பாவோடு வரும் பிள்ளைகளுக்கு நடுவில்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மங்கரேயில் இருக்கும் அந்த வீடு. அழகான வீடு என்று பொய் சொல்ல மாட்டேன். விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். குளியலறைக் கூரையில் கறுப்புப் பூஞ்சை வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வரும் உறவினர் மாதிரி வந்துபோகும். ஆனால் மகளுக்குப் பதினாறு வயது, அவளுடைய பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், என் வேலை பத்து நிமிடம். அதைவிட முக்கியம், நான் பிறந்ததிலிருந்து இருந்த வீடுகளில் என் பெயரும் பத்திரத்தில் ஏறிய முதல் வீடு அது. அதை விற்க நான் தயாராக இல்லை. அவருடைய பங்கை நான் வாங்கிக்கொண்டால் வீடு எனக்கு. அதற்கு பேங்க் எனக்குத் தனியாகக் கடன் தர வேண்டும்.

கணக்கு அம்மா வெள்ளைக்காரர், நரைத்த முடி, மிகவும் மென்மையான குரல். பல் டாக்டர் ஊசியை மறைத்துக்கொண்டு பேசுவாரே, அந்தக் குரல். முதல் சந்திப்பில் ஆளுக்கு ஒரு படிவம் தந்தார். உங்களிடம் இருப்பது எல்லாவற்றையும் இதில் எழுத வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது, இந்த முறை மொத்தமும் நம்பிக்கையில்தான் நிற்கிறது என்றார். வீடு, கார், சம்பளம், ஓய்வூதியச் சேமிப்பு, நகை, ஊரில் நிலம், கையில் ரொக்கம்.

கையில் ரொக்கம் என்ற இடத்தில் என் பேனா நின்றது. என் தொழிலைச் சொன்னால்தான் அந்தக் காட்சியின் அழகு புரியும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. பெட்டிக்குள் இருப்பதும் தாளில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மாவடு ஊறுகாயைக்கூட டிக்ளேர் செய்து, அதிகாரி முகர்ந்து பார்த்து இருமும் வரை பொறுமையாக நிற்பவள் நான். அப்பேர்ப்பட்ட நான், ரொக்கம் என்ற கட்டத்தில் "சுமார் அறுபது டாலர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்னிடம் இருந்தது இருபத்துமூவாயிரத்து நானூற்று எண்பது டாலர்.

எங்கள் பக்கம் அதற்குச் சிறுவாடு என்று பெயர். வீட்டுச் செலவுக்கு என்று கைக்கு வருவதில் பெண்கள் கணவருக்குத் தெரியாமல் பத்து, இருபது என்று ஒதுக்கி, பருப்பு டப்பாவிலோ புடவை மடிப்பிலோ போட்டுவைப்பார்களே, அது. என் அம்மாவிடம் இருந்தது, சித்தியிடம் இருந்தது. எனக்கு அப்படி ஒரு தேவை வராது, நான் படித்தவள், சம்பாதிக்கிறவள் என்று நினைத்திருந்தேன். வீடு வாங்கிய புதிதில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இருவர் சம்பளமும் ஒரே கணக்கில்தான் விழும். "அம்மாவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பணுங்க" என்றேன். வழக்கமான மூன்று விநாடி. "எவ்வளவு?" என்றார். அனுப்பினோம், குறைவில்லாமல்தான் அனுப்பினோம். ஆனால் அந்த மூன்று விநாடியில் நான் நின்ற நிலை எனக்கு மறக்கவில்லை. சொந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு கைகட்டி நிற்கும் நிலை. அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டேன்.

ஊரில் சிறுவாடு சேர்ப்பது சுலபம், எல்லாம் ரொக்கம். இங்கே ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கும் கார்டு தேய்க்க வேண்டும், தேய்த்தது எல்லாம் பேங்க் ஸ்டேட்மென்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் பக்கத்துப் பகுதியான ஒட்டாஹுஹுவில், சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் பெண் என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள். கேஷ் அவுட் வேண்டுமா? சாமானுக்குக் கார்டில் பணம் எடுக்கும்போதே கூட இருபதோ நாற்பதோ எடுத்து நோட்டாகக் கையில் தந்துவிடுவார்கள். ஸ்டேட்மென்டில் இரண்டும் சேர்ந்து ஒரே தொகையாக, கடையின் பெயரில் விழும். சாமான் நூறு, நோட்டு இருபது, பார்க்கிறவருக்கு மளிகை நூற்றிருபது. என் சித்தி இதைப் பார்த்திருந்தால் நியூசிலாந்துக்குக் கோயில் கட்டியிருப்பாள்.

வாரம் இருபதில் ஆரம்பித்தது, சில வருடங்களில் புதன் நாற்பது, சனி நாற்பது என்று வளர்ந்தது. ரசீதில் மட்டும் கேஷ் அவுட் என்று தனி வரியாக அச்சாகும். அதைக் கார் நிறுத்துமிடத்துக் குப்பைத் தொட்டியிலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிடுவேன். நோட்டுகள் வீட்டில், ஐந்து கிலோ பாஸ்மதி அரிசி வரும் ஜிப் வைத்த பையில், தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிகளுக்கு அடியில். நவராத்திரிக்கு எனக்கு வந்து, நான் இன்னொருத்திக்குக் கொடுத்து, அவள் வேறு யாருக்கோ கொடுத்து, யாருமே இதுவரை தைத்துப் போடாத ரவிக்கைத் துணிகள். அந்தப் பையை உலகத்தில் எந்த ஆணும் திறக்க மாட்டான். பன்னிரண்டு வருடம் இப்படி ஓடியது. அம்மாவின் மருந்து, தங்கை பெண்ணின் காலேஜ் ஃபீஸ் என்று நடுவில் போனது போக மிச்சம்தான் அந்த இருபத்துமூவாயிரத்துச் சொச்சம்.

இரண்டாவது சந்திப்புக்குக் கணக்கு அம்மா எங்கள் ஸ்டேட்மென்டுகளைப் படித்து, சுவரில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். பதினேழு வருடத்தில் நாங்கள் முதல்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்து எங்கள் வரவுசெலவைப் பார்த்தோம். மணிக்கணக்கில் காசு வாங்கும் மூன்று பேர் பக்கத்தில் இருந்தால்தான் எங்களுக்கு அது வரும் போலிருக்கிறது.

கணக்கு அம்மா வருத்தத்தோடு சொன்னார். என் சம்பளத்துக்கு பேங்க் கடன் தருவது கஷ்டம். மாதம் முந்நூற்றுப் பத்து டாலர் துண்டு விழுகிறது. காரணம் மின்சாரம் இல்லை, கார் இல்லை. மளிகை. மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இவ்வளவு மளிகைச் செலவை அவர் பார்த்ததில்லை. இனிமேல் குறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பேங்க் கேட்காது, நடந்த செலவைத்தான் பார்க்கும். மாதக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் வீட்டை விற்பனைக்குப் போடுவதுதான் நியாயம், என் கணவருக்கும் ஒரு வீடு பார்க்க வேண்டுமில்லையா என்றார்.

திரையில் மளிகை மட்டும் ஆரஞ்சு நிறத்தில், மற்ற எல்லாவற்றையும் விட உயரமாக நின்றது. வாரம் எண்பது டாலர் வீதம் நானே கட்டிய கோபுரம். வீட்டைக் காப்பாற்ற வேண்டிய பணம், வீட்டைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. அப்படி என்ன வாங்குகிறீர்கள் என்று அந்த அம்மா இதமாகத்தான் கேட்டார். நான் திரையில் இருந்த எண்களை மேலிருந்து கீழே மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன்.

அப்போது என் கணவர் பேசினார். கேட்காமலே. மூன்று விநாடிகூட எடுத்துக்கொள்ளாமல். நாங்கள் நன்றாகச் சாப்பிடுவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இந்தியச் சாமான் விலை அதிகம், விருந்தாளிகள் வேறு வருவார்கள் என்றார். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக விருந்தாளி வந்தது மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு. அரிசி என்ன விலை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி ஒரு கோட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரயிலில் ஒட்டாஹுஹு வரும்வரை எனக்கு வந்தது நன்றியில்லை, ஆத்திரம். இவ்வளவு நாள் எனக்கே எனக்கு என்று நான் வைத்திருந்த ஒரே விஷயம். அதில்கூட இந்த மனுஷன் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திருடியதாக நினைத்துப் பெருமைப்பட்டதெல்லாம் அனுமதியோடு எடுத்ததாகிவிட்டது. அடுத்த ஒரு வாரம் வேலையில் ஒவ்வொரு பெட்டியின் தாளையும் பார்க்கும்போது என் படிவத்தின் அறுபது டாலர்தான் கண்ணில் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பணம் முழுவதும் என்னுடையது, வீடு போகும். சொன்னால் மளிகைக் கோபுரம் சரிந்து வீடு நிற்கும். ஆனால் குடும்பப் பணம் என்று பாதி அவருக்குப் போகும், மூன்று வெள்ளைக்காரர்கள் முன்னால் என் மானமும் போகும். ஒரு புதன்கிழமை, நோட்டுகளை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டேன்.

மூன்றாவது சந்திப்புக்கு பாஸ்மதிப் பையோடு போனேன். பதினோராவது மாடியின் கண்ணாடி மேசையில் அதை வைத்து ஜிப்பைத் திறந்தேன். முதலில் ஒரு பச்சை ரவிக்கைத் துணி வந்தது, பிறகு ஒரு மெரூன். வக்கீல்கள் இருவரும் மரியாதையாகத் துணிகளைப் பார்த்தார்கள். ஏதோ இந்து விவாகரத்துச் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும். அப்புறம் நோட்டுக் கட்டுகள் வந்தன.

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். கேஷ் அவுட், மளிகை, வாரம் எண்பது. அவருடைய வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை எப்படிக் குறிப்பது, மறைக்கப்பட்ட சொத்து என்றா என்று கேட்டார். இதற்கு உங்கள் மொழியில் ஒரு பெயர் உண்டா என்று கணக்கு அம்மா கேட்டார். சொன்னேன். சி-ரு-வா-டு என்று எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் பரம்பரையாகக் காத்த ரகசியம் அவருடைய கணக்குத் தாளில், கார் கடனுக்குக் கீழே ஒரு வரியாக ஏறியது.

என் கணவர் தமிழில் ஆரம்பித்தார். "இது உன் காசு. எனக்கு வேணாம்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"பத்து வருஷம் இருக்கும். ஒரு தடவை பால் கேன் அடியில ரசீது ஈரத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

"பத்து வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

மூன்று விநாடி. "எங்கம்மாவும் வெச்சிருந்தாங்க. அப்பா போனப்ப வீட்டுல அந்தக் காசு மட்டுந்தான் இருந்துச்சு. உங்கிட்டயும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அது சிறுவாடு இல்லையே" என்றார்.

இந்த ஆளோடு ஒரு வீட்டில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். அவர் சேர்ந்தாற்போல இத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான், அதுவும் இருபக்கமும் வக்கீல் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது. அக்கறையாகத்தான் இருந்திருக்கிறார். அந்த அக்கறை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். அவர் வாயைத் திறந்திருந்தால் எனக்குச் சிறுவாடே தேவைப்பட்டிருக்காது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். கணக்கு அம்மா டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். இதைக் கேட்டு மனம் மாறி, கைகோத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"சட்டம் பாதின்னு சொல்லுது. எடுத்துக்கோங்க" என்றேன்.

"வேணாம்."

"வேணாம்னு சொல்ல நீங்க யாரு? எனக்குத் தானமா எதுவும் வேணாம். எடுத்துக்கோங்க."

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது காபியானாலும் சரி, வழிச்செலவுப் பணமானாலும் சரி, குறைந்தது மூன்று தடவை வேண்டாம் என்று மறுக்க வேண்டும். கொடுப்பவரும் அதை நம்பித்தான் தாராளமாகக் கொடுப்பார். அவர் இரண்டு தடவைதான் மறுத்திருந்தார். இன்னும் ஒன்று பாக்கி என்று நான் தைரியமாக இருந்தேன். என் கணவர் மூன்று விநாடி யோசித்தார்.

"சரி" என்றார்.

பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது டாலர். எண்ணிக்கொடுத்தேன். வைத்துக்கொள்ள அவரிடம் பை இல்லை, பாஸ்மதிப் பையையும் நானே கொடுத்தேன். ரவிக்கைத் துணிகளைக் கைப்பையில் திணித்துக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்தேன்.

கணக்கு அம்மா மளிகையைத் திருத்தி எழுதினார். பேங்க் கொஞ்ச நாள் என்னை அலையவிட்டுவிட்டு, பிறகு கடன் கொடுத்தது. வீடு எனக்கு வந்தது, பூஞ்சையோடு. அவர் பங்கு போய்ச் சேர்ந்தது, அவர் யூனிட் என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போனார். மகள் வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. அவர் இப்போது அவளிடம் நிறையப் பேசுகிறாராம். நல்லது.

எல்லாம் முடிந்த அடுத்த சனிக்கிழமை ஒட்டாஹுஹு கடைக்குப் போனேன். மகள் காரில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுக் கார்டு, என் பெயரில் மட்டும் உள்ள கணக்கு. பால், தயிர், வெங்காயம், துவரம்பருப்பு. காசாளர் பெண் வழக்கம்போல, "கேஷ் அவுட்?" என்றாள். என் வாய் எனக்கு முன்னால் பதில் சொன்னது. இருபது என்றது.

நோட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று ரசீதை எடுத்து, இரண்டாகக் கிழித்து, சேர்த்து வைத்து மறுபடியும் கிழித்தேன். நாலு துண்டு கையில் இருக்கும்போதுதான் உறைத்தது. என் காசு, என் கார்டு, என் ஸ்டேட்மென்ட். யாருக்குப் பயந்து கிழிக்கிறேன்? ஒரு துண்டில் கேஷ் அவுட் என்ற வரி முழுசாக இருந்தது. இனி அது பால் கேனில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாலும், எடுத்துப் படித்துவிட்டுச் சும்மா இருக்க அங்கே ஆள் இல்லை.

மகள் கண்ணாடியை இறக்கி, "மம், வாட் ஆர் யூ டூயிங்?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியில் ஏறினேன். கையில் இருந்த நோட்டை அவளிடம் நீட்டினேன்.

"வெச்சுக்கோ" என்றேன். "அப்பாகிட்ட சொல்லாத."